குடும்பத்தால் உருவாக்க முடியாத ஜோடி

காரைக்காலில் பிரான்ஸில் உறவினர் இல்லாத தெரு குறைவு. பாரிஸின் வடபகுதியிலுள்ள லா சப்பல் கடைத்தெருவை நேரில் காணாதவர்கள்கூட, அங்கே வாழையிலை எந்தக் கடையில் கிடைக்கும், முருங்கைக்காய் எங்கே மலிவு என்று இங்கே திண்ணையில் உட்கார்ந்தபடி சொல்லிவிடுவார்கள். அந்தக் கடைத்தெருவுக்கு வடக்கே, நகர எல்லையை ஒட்டி, போர்த் த லா சப்பல் உள்ளரங்கம் இருக்கிறது. 2024 ஒலிம்பிக்கின் இறகுப்பந்துப் போட்டிகள் அங்கேதான் நடந்தன. அடுத்து வந்த பாராலிம்பிக் இறகுப்பந்துப் போட்டிகளும் அங்கேயே நடந்தன. ஓராண்டு கழித்து, 2025 ஆகஸ்டில், உலக சாம்பியன்ஷிப்பும் அதே அரங்குக்கு வந்தது. எங்கள் ஊர்க்காரர்களின் உறவினர் சிலர் நுழைவுச்சீட்டு வாங்கிச் சென்று சிந்துவைப் பார்த்தார்கள். படம் எடுத்து அனுப்பினார்கள்.

அந்தப் படங்களில் எதிலும் கலப்பு இரட்டையர் ஆட்டம் இல்லை. நம் நாளேடுகளிலும் அந்தப் பிரிவுக்குக் கிடைப்பது பெரும்பாலும் செய்தியின் கடைசிப் பத்திதான். டென்னிஸில் கலப்பு இரட்டையர் என்பது பெரிய போட்டிகளில் ஓய்வு நேரத்து ஆட்டம் போன்றது. இறகுப்பந்தில் அப்படியன்று. ஐந்து பிரிவுகளில் அதுவும் ஒன்று. ஒலிம்பிக்கில் 1996 முதல் அதற்குத் தனித் தங்கப் பதக்கம் உண்டு. அதை மட்டுமே ஆடி வாழ்நாள் முழுவதையும் கழித்த வீரர்கள் இருக்கிறார்கள். 2025 உலகப் பட்டத்தை அந்தப் பிரிவில் வென்றவர்கள் மலேசியாவின் சென் டாங் ஜியே, தோ ஈ வெய். அந்நாட்டுக்குக் கலப்பு இரட்டையரில் அதுவே முதல் உலகப் பட்டம். காலிறுதியில் அவர்களிடம் தோற்று வெளியேறியவர்கள் இந்தியாவின் துருவ் கபிலாவும் தனிஷா கிராஸ்டோவும். மலேசிய ஜோடியைப் பயிற்றுவிப்பவரோ ஓர் இந்தோனேசியர்: நோவா விடியன்தோ.

நோவாவின் பெயரைப் பிடித்துக்கொண்டு இருபது ஆண்டுகள் பின்னால் சென்றால் லிலியானா நட்சிர் என்னும் பெண்ணிடம் சென்று சேர்வோம். கலப்பு இரட்டையர் ஆட்டத்தின் வரலாற்றில் அவருக்கு இணையாகச் சொல்லத்தக்க பெண்கள் மிகச் சிலரே. இந்தியாவில், குறிப்பாக எங்களைப் போன்ற சிறு ஊர்களில், இந்த ஆட்டம் ஏன் வேர் பிடிக்கவில்லை என்ற கேள்விக்கு அவருடைய வாழ்க்கையில் ஒரு பதில் இருப்பதாக நான் கருதுகிறேன். அதற்காகவே இதை எழுதுகிறேன்.

லிலியானா 1985 செப்டம்பரில் சுலாவெசித் தீவின் வடமுனையிலுள்ள மனாடோவில் பிறந்தவர். பன்னிரண்டு வயதில் வீட்டை விட்டுப் புறப்பட்டு, கடல் கடந்து, ஜகார்த்தாவிலுள்ள ஒரு சங்கத்தின் விடுதிக்கு வந்து சேர்ந்தார். அங்கிருந்து சிபாயுங்கில் உள்ள தேசியப் பயிற்சி மையம். அங்கே கலப்பு இரட்டையருக்கென்றே தனியாக ஒரு பயிற்சியாளர் இருந்தார். ரிச்சர்ட் மைனாக்கி என்று பெயர். கால் நூற்றாண்டுக்கு மேல் அந்த ஒரு பிரிவையே கவனித்துக்கொண்டவர். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற திரி குஷர்ஜந்தோ - மினார்த்தி திமுர் ஜோடி அவர் வளர்த்ததுதான். அவர் லிலியானாவை நோவா விடியன்தோவுடன் சேர்த்தார். நோவா ஏறக்குறைய எட்டு வயது மூத்தவர், களம் பல கண்டவர். 2005-இல் அமெரிக்காவின் அனஹைம் நகரில் இருவரும் உலகப் பட்டம் வென்றபோது லிலியானாவுக்கு இருபது வயது நிறையவில்லை. 2007-இல் கோலாலம்பூரில் இரண்டாவது பட்டம். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் இறுதியில் கொரிய ஜோடியிடம் தோற்று வெள்ளி.

நோவாவுக்கு வயதாகிவிட்டது. இந்த இடத்தில்தான் நம் நாட்டில் ஒரு பெண்ணின் இரட்டையர் வாழ்க்கை முடிந்துவிடும். மைனாக்கி 2010-இல் வேறொன்று செய்தார். இரண்டு முறை உலக சாம்பியனான பெண்ணைக் கொண்டுபோய், பெரிதாக எதையும் வென்றிராத, அவரைவிட இரண்டு வயது இளைய தொந்தோவி அகமதுவின் பக்கத்தில் நிறுத்தினார். முதல் ஜோடியில் மாணவியாக நின்றவர் இரண்டாவது ஜோடியில் ஆசிரியை ஆனார். 2012, 2013, 2014 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஆல் இங்கிலாந்து பட்டம் அந்த ஜோடிக்கே கிடைத்தது. 2013-இல் சீனாவின் குவாங்சோவில், சீன ஜோடிக்கு எதிரான உலக சாம்பியன்ஷிப் இறுதியில், மூன்றாவது செட்டில் 18-20 என்று தோல்வியின் விளிம்பில் நின்று 22-20 என்று வென்றார்கள். இடையில் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம், வெறுங்கையோடு திரும்பினார்கள். அந்த ஒலிம்பிக்கில் இந்தோனேசியா முழுமையுமே இறகுப்பந்தில் ஒரு பதக்கம்கூட இல்லாமல் திரும்பியது. 1992 முதல் ஒவ்வொரு ஒலிம்பிக்கிலும் தங்கம் வென்றுவந்த நாட்டுக்கு அது எவ்வளவு பெரிய அடி என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

நான்கு ஆண்டுகள் கழித்து ரியோவில் அந்த ஜோடி மலேசியாவின் சான் பெங் சூன் - கோ லியு யிங் ஜோடியை நேர் செட்களில் வென்று தங்கம் பெற்றது. அன்று 2016 ஆகஸ்ட் 17, இந்தோனேசியாவின் சுதந்திர நாள். 2017-இல் கிளாஸ்கோவில் மீண்டும் உலகப் பட்டம். 2019 ஜனவரியில் ஜகார்த்தாவில் தம் கடைசிப் போட்டியிலும் இறுதி ஆட்டம் வரை வந்து, தோற்று, விடைபெற்றார். நான்கு உலகப் பட்டங்கள், இரண்டு ஒலிம்பிக் பதக்கங்கள், இரண்டு துணைவர்கள்.

ஆட்டம் தெரியாத வாசகருக்காக ஒன்று சொல்ல வேண்டும். கலப்பு இரட்டையரில் வழக்கமாகப் பெண் வலைக்கு அருகிலும் ஆண் பின்னாலும் நிற்பார்கள். எதிரணி என்ன செய்யும்? வலையருகே நிற்கும் பெண்ணைப் பின்னுக்குத் தள்ளி, அவரைக் கொண்டே பந்தை உயரத் தூக்க வைத்து, அங்கே அடிக்கும். ஆகவே ஜோடியின் வலிமையை ஆணின் அடி தீர்மானிப்பதாகத் தோன்றினாலும், உண்மையில் தீர்மானிப்பது பெண்ணின் நிதானம். லிலியானா வலையருகே பந்தை மறிக்கும் வேகத்தில் எதிராளி பின்னாலிருக்கும் தொந்தோவியை நோக்கி அடிக்கவே நேரம் இருக்காது. ஆட்டத்தின் திசையை அவர் முன்னால் நின்று முடிவு செய்ய, தொந்தோவி பின்னால் நின்று முடித்துவைத்தார். எங்கள் பக்கத்தில் நாகஸ்வரக் கச்சேரி கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புதிதன்று. தவிலில் கைதேர்ந்த பெரியவர் பக்கத்தில் இளைய நாயனக்காரரை உட்கார வைப்பார்கள். சில ஆண்டுகளில் அந்த இளையவர் பெரியவராகி, தம் பக்கத்தில் இன்னோர் இளையவரை உட்கார வைத்துக்கொள்வார். ஜோடி மாறும், ஜோடிக்குள் சேர்ந்த அறிவு மாறாமல் அடுத்த கைக்குப் போகும். நோவாவிடமிருந்து லிலியானாவுக்கும், லிலியானாவிடமிருந்து தொந்தோவிக்கும் போனது அதுதான். இப்போது நோவா அதை மலேசியாவுக்குக் கொண்டுபோயிருக்கிறார்.

இதில் எந்த இடத்திலும் குடும்பம் வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பெற்றோர் செய்தது ஒரு சிறுமியை அனுப்பிவைத்ததுதான். யாருடன் ஆடுவது, எப்போது பிரிவது, தோல்விக்குப் பிறகு நான்கு ஆண்டுகள் எதை நம்பிக் காத்திருப்பது என்ற கேள்விகளை எல்லாம் ஓர் அமைப்பு தன் தோளில் ஏற்றுக்கொண்டது.

இந்தியாவின் இறகுப்பந்துச் சாதனை பெரும்பாலும் குடும்பங்களின் சாதனை. சிந்துவின் தந்தை ரமணா ஆசிய விளையாட்டில் பதக்கம் வென்ற கைப்பந்து வீரர். லக்ஷயா சென்னின் தந்தை பயிற்சியாளர். வீட்டில் ஒருவர் விடியற்காலை எழுந்து வண்டியை எடுக்க வேண்டும், ஒருவர் வேலையை விட வேண்டும், நகை அடகுக்குப் போக வேண்டும். இவ்வளவும் நடந்தால் ஓர் ஒற்றையர் வீராங்கனை உருவாகலாம். நம் குடும்பங்கள் இந்தத் தியாகத்துக்குத் தயங்குவதில்லை. ஆனால் அதே குடும்பம் எவ்வளவு விரும்பினாலும் ஒரு ஜோடியை உருவாக்க முடியாது. ஜோடியின் பாதி இன்னொருவர் வீட்டில் இருக்கிறது. அந்த வீட்டில் பொதுத்தேர்வு வந்தாலோ, தந்தைக்கு மாறுதல் வந்தாலோ, பெண்ணுக்கு வரன் வந்தாலோ, இந்த வீட்டின் பத்தாண்டு உழைப்பு ஒரே நாளில் கரைந்துவிடும். பாதி மட்டுமே தமக்குச் சொந்தமான ஒன்றில் யாரும் நகையை வைத்துப் பணம் போட மாட்டார்கள். இது பேராசையும் இல்லை, அறியாமையும் இல்லை, சரியான கணக்கு. இந்த இழப்பைத் தாங்கிக்கொள்ளக்கூடியது ஓர் அமைப்பு மட்டுமே. ஒரு ஜோடி உடைந்தால் மீதமிருப்பவரை வேறொருவருடன் சேர்த்து மீண்டும் தொடங்க அதனால்தான் முடியும்.

இந்தியாவின் கணக்கைப் பார்ப்போம். ஆசிய விளையாட்டில் கலப்பு இரட்டையரில் இந்தியா வென்ற பதக்கம் ஒன்றே ஒன்று: 1982 தில்லியில் லெராய் டி'சா - கன்வல் தாக்கர் சிங் பெற்ற வெண்கலம். ஒலிம்பிக்கில் அப்பிரிவில் இந்தியா களமிறங்கியதும் ஒரே ஒரு முறைதான். 2012 லண்டனில் ஜுவாலா கட்டாவும் கேரளத்தின் வி. டிஜுவும் ஆடினார்கள். 2009-இல் உலகின் சிறந்த ஜோடிகள் மட்டும் ஆடிய ஆண்டிறுதி மாஸ்டர்ஸ் போட்டியில் இறுதி வரை சென்றவர்கள். உலகத் தரவரிசையில் முதல் பத்துக்குள் இருந்தவர்கள். லண்டனில் அவர்களுடைய குழுவில் இருந்த ஜோடிகளில் ஒன்று லிலியானா - தொந்தோவி. அதன் பின் ரியோ, டோக்கியோ, பாரிஸ் மூன்றிலும் கலப்பு இரட்டையரில் இந்தியக் கொடி இல்லை. ஜுவாலாவின் அனுபவம் இந்திய அமைப்பில் எந்த இளைஞனின் பக்கத்திலும் கொண்டுபோய் நிறுத்தப்படவில்லை. இரட்டையர் ஆட்டத்தை நாடு இரண்டாந்தரமாக நடத்துகிறது என்று அவர் பல ஆண்டுகள் வெளிப்படையாகப் பேசினார். அவர் பேசிய தொனியைப் பற்றித்தான் இங்கே விவாதம் நடந்தது.

அமைப்பு தலையிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே எடுத்துக்காட்டு உண்டு. ஆந்திரத்தின் சாத்விக்கையும் மும்பையின் சிராக்கையும் சேர்த்துவைத்தவர் மலேசியப் பயிற்சியாளர் தான் கிம் ஹெர். இரண்டு குடும்பங்களும் தாமாகச் சந்தித்திருக்க வாய்ப்பே இல்லை. 2023-இல் அவர்கள் ஆடவர் இரட்டையரில் உலகின் முதலிடத்துக்கு வந்தார்கள். கலப்பு இரட்டையரில் இதற்கு இணையான பொறுமை இன்னும் காட்டப்படவில்லை. தனிஷா கிராஸ்டோ 2022 தொடக்கத்தில் இஷான் பட்நாகருடன் சேர்ந்து லக்னோவில் சையத் மோடி பட்டத்தை வென்றார். இஷானுக்கு முழங்காலில் காயம், ஜோடி முடிந்தது. பிறகு வேறு துணைவர்கள், கடைசியாகத் துருவ் கபிலா. இதற்கிடையே தனிஷா பெண்கள் இரட்டையரிலும் அஸ்வினி பொன்னப்பாவுடன் பாரிஸ் ஒலிம்பிக் வரை ஆடினார். ஒரே உடம்பு இரண்டு பிரிவுகளுக்கும் உழைத்தது. இவ்வளவுக்கும் பிறகு அந்த ஜோடி உலக சாம்பியன்ஷிப் காலிறுதி வரை சென்றதென்றால், அதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இந்தோனேசியாவின் முறை மாசற்றது என்று சொல்ல வரவில்லை. பன்னிரண்டு வயதுச் சிறுமி வீட்டை விட்டுக் கடல் கடந்து போவதை நான் கொண்டாட மாட்டேன். அந்நாட்டின் மிகப் பெரிய இறகுப்பந்துச் சங்கத்தைக் குதுஸ் நகரில் நடத்துவது ஜாரும் என்னும் சிகரெட் நிறுவனம். தொந்தோவி அங்கிருந்து வந்தவர்தான். சிறுவர்களைத் தேர்ந்தெடுக்க அந்தச் சங்கம் நடத்தும் முகாம்கள் சிகரெட் பெயருக்கு விளம்பரமாகின்றன என்று 2019-இல் அந்நாட்டின் குழந்தைகள் பாதுகாப்பு ஆணையம் எதிர்ப்புத் தெரிவித்தது. பெரும் சர்ச்சை ஆயிற்று. லிலியானா விலகிய பிறகு அங்கே கலப்பு இரட்டையரில் சரிவும் தெரிகிறது. பிரவீன் ஜோர்டான் - மெலாத்தி தேவா ஜோடி 2020-இல் ஆல் இங்கிலாந்து வென்றதோடு சரி. பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தோனேசியக் கலப்பு ஜோடி குழு ஆட்டங்களையே தாண்டவில்லை. மைனாக்கி 2021-இல் தேசிய மையத்தை விட்டுச் சென்றார். நோவா மலேசியாவில் இருக்கிறார். அறிவு கைமாறும் கண்ணி அறுந்தால் இந்தோனேசியாவும் விழும் என்பதற்கு அதுவே சான்று.

ஆனால் பாரிஸில், அதே அரங்கில், சில வாரங்கள் கழித்து நடந்த பாராலிம்பிக்கில் அந்தக் கண்ணி அறுபடவில்லை. லெயானி ரத்ரி ஒக்டிலா என்னும் பெண் சுமத்திராவின் ரியாவு மாகாணத்தைச் சேர்ந்தவர். இறகுப்பந்து வீராங்கனையாக வளர்ந்துகொண்டிருந்தபோது 2011-இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் சிக்கினார். பின்னர் மாற்றுத்திறனாளிகள் பிரிவில் ஆட வந்தார். டோக்கியோவில் ஹாரி சுசாந்தோவுடன் கலப்பு இரட்டையர் தங்கம். பாரிஸில் ஹிக்மத் ரம்தானியுடன் மீண்டும் தங்கம். லிலியானாவின் கதையேதான்: பெண் ஒருவரே, துணைவர் இருவர். பாரிஸ் இறுதி ஆட்டத்தில் வலைக்கு மறுபுறம் நின்ற ஜோடியும் இந்தோனேசியர்களே.

இங்கேதான் தமிழ்நாடும் வருகிறது. குள்ள உருவத்தினருக்கான எஸ்.எச்.6 பிரிவில் ஓசூரின் நித்யஸ்ரீ சிவனும் சிவராஜன் சோலைமலையும் கலப்பு இரட்டையர் ஆடினார்கள். வெண்கலத்துக்கான ஆட்டத்தில் எதிரே நின்றவர்கள் இந்தோனேசியாவின் சுப்ஹான், ரினா மார்லினா. தமிழ் ஜோடி நேர் செட்களில் தோற்றது. அதே போட்டியின் ஒற்றையர் வெண்கல ஆட்டத்தில் நித்யஸ்ரீ எதிர்கொண்டதும் அதே ரினா மார்லினாவைத்தான். முடிவு 21-14, 21-6. பன்னிரண்டு நிமிடம் வேடிக்கை பார்ப்பவர்கூட யார் மேலானவர் என்று சொல்லிவிடும் வெற்றி அது. தனியே நின்றால் எளிதாக வெல்லக்கூடிய எதிராளியிடம், ஜோடியாக நின்றபோது பதக்கத்தை இழந்தோம். டோக்கியோவிலும் வேறொரு பிரிவில் பிரமோத் பகத் - பலக் கோலி ஜோடி கலப்பு இரட்டையர் வெண்கல ஆட்டத்தில் ஜப்பானியரிடம் தோற்றிருந்தது. இதற்கு வீரர்களைக் குறை சொல்வது அநியாயம். தனியாக நிற்கக் கற்றுக்கொடுக்க நமக்குத் தெரிந்திருக்கிறது. சேர்ந்து நிற்கக் கற்றுக்கொடுக்கத் தெரியவில்லை.

பாரிஸில் வெள்ளி வென்ற காஞ்சிபுரத்தின் துளசிமதி முருகேசனுக்குத் தமிழக அரசு இரண்டு கோடி ரூபாயும், வெண்கலம் வென்ற நித்யஸ்ரீக்கும் மனீஷா ராமதாஸுக்கும் தலா ஒரு கோடியும் வழங்கியது. மூவருக்கும் அர்ஜுனா விருதும் கிடைத்தது. மூன்று பதக்கங்களும் ஒற்றையர் பதக்கங்கள். பரிசுத் தொகை நியாயமானது, வரவேற்கத்தக்கது. பதக்கத்துக்குப் பிறகு வரும் பணம் அது. ஜோடிக்குத் தேவைப்படுவது பதக்கத்துக்கு ஆறேழு ஆண்டுகள் முன்பே வரும் பணம்.

சுமத்திரா என்றதும் எங்கள் கரைக்கு அது அந்நிய நிலம் இல்லை என்று சொல்லத் தோன்றுகிறது. அங்கிருந்து ஆண்ட ஸ்ரீவிஜய அரசன் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு ராஜராஜ சோழன் ஆனைமங்கலத்தைக் கொடுத்தான். அந்த நாகப்பட்டினம் காரைக்காலிலிருந்து இருபது கிலோமீட்டர்தான். ஆனால் இறகுப்பந்து ஆடும் ஒரு காரைக்கால் சிறுவனுக்கு அது வேறு நாடு.

வெளியூர் வாசகருக்கு எங்கள் நிலவியலைக் கொஞ்சம் விளக்க வேண்டும். காரைக்கால் நூற்றறுபது சதுர கிலோமீட்டர் அளவுள்ள நிலத்துண்டு. ஒரு நகராட்சி, ஐந்து கொம்யூன்கள், 2011 கணக்கெடுப்பின்படி இரண்டு லட்சம் மக்கள். கிழக்கே கடல், மற்ற எல்லாப் பக்கமும் தமிழ்நாடு. 1954 வரை பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்ததால் இன்றும் புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் மாவட்டம். தலைநகரமான புதுச்சேரி நூற்று முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. விளையாட்டு அமைப்புகளில் புதுச்சேரி தனி மாநிலம் போன்றது. தமிழகத்தின் முதலமைச்சர் கோப்பையில் நாகையின் மாணவி ஆடலாம், காரைக்காலின் மாணவி ஆட முடியாது. புதுச்சேரி அரசுப் பள்ளிகள் இப்போது மத்திய கல்வி வாரியப் பாடத்திட்டத்துக்கும் மாறிவிட்டதால், பள்ளி வழியாக இருந்த ஒட்டுறவும் மெலிந்து வருகிறது. தேசியத் தரவரிசைப் போட்டிகளில் இரு மாநிலத்தார் ஜோடி சேரலாம் என்பது உண்மை. ஆனால் அந்தப் படிக்கட்டை எட்டுவதற்கு முன்னுள்ள எல்லாப் படிகளும் எல்லைக்குள்தான் இருக்கின்றன. இரண்டு லட்சம் பேர் உள்ள ஊரில் ஒரு திறமையான பையன் கிடைப்பான், ஒரு திறமையான பெண்ணும் கிடைப்பாள். இருவரும் ஒரே வயதினராக, ஒரே காலத்தில் கிடைப்பது அரிது. பையன் நிரவியில் இருக்க, அவனுக்கு ஏற்ற பெண் தரங்கம்பாடியிலோ நாகூரிலோ இருப்பாள்.

இன்னொரு வேலி ஊருக்குள்ளேயே இருக்கிறது. இறகுப்பந்தைப் பூப்பந்து என்று சொல்லும் பழக்கம் பல ஊர்களில் உண்டு. எங்கள் வட்டாரத்தில் அப்படிச் சொன்னால் குழப்பம் வரும். தஞ்சாவூரில் பிறந்ததாகச் சொல்லப்படும் கம்பளிப் பந்து ஆட்டம்தான் இங்கே பூப்பந்து. அணிக்கு ஐவர். மாலையில் பள்ளித் திடல்களில் அதை ஆடிய ஆண்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். பெண்கள் ஆடியதும் உண்டு, தனித் திடலில், தனி நேரத்தில். ஷட்டில் வந்து, உள்ளரங்கம் வந்து, வாடகை வந்த பிறகும் அந்த வழக்கம் மாறவில்லை. நான் சென்றுவரும் ஒரு கூடத்தில் பெண் பிள்ளைகளுக்கு மாலை நாலரை முதல் ஆறு, பையன்களுக்கு அதற்குப் பிறகு. இரு சாராரும் வாசலில் செருப்பு மாட்டும்போது சந்தித்துக்கொள்வதோடு சரி. பெண் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிடுகிறார்கள். ஏன் என்று கேட்டால் பெற்றோர் சொல்வது படிப்பு. இன்னும் இரண்டு நிமிடம் பேசினால் வருவது, இருட்டிய பிறகு திருநள்ளாற்றுக்கோ நெடுங்காட்டுக்கோ பெண் தனியே எப்படி வருவாள் என்ற கவலை. அது பொய்க் கவலை இல்லை.

ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆடுவதை ஊர் ஏற்காது என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது முழு உண்மையாகத் தோன்றவில்லை. பயிற்சியாளரின் கண்ணெதிரில், பெண் பயிற்சியாளர் ஒருவரும் இருக்க, ஒரு முறையான முகாமில் நடந்தால் எங்கள் ஊர்ப் பெற்றோர் ஏற்பார்கள். கணினி வகுப்புக்கும் நீட் வகுப்புக்கும் பிள்ளைகளை ஒன்றாகத்தான் அனுப்புகிறார்கள். ஊர் ஏற்காமலிருப்பது யாரும் பொறுப்பேற்காத ஏற்பாடுகளை.

ஆகவே நான் கேட்பது ஒரு பெரிய மையத்தை அன்று. நாகை, மயிலாடுதுறை, திருவாரூர் மாவட்டங்களும் காரைக்காலும் சேர்ந்த ஒரு கடற்கரை முகாம். வாரத்துக்கு இரண்டு நாள், பதினொன்று முதல் பதினைந்து வயதுள்ள எட்டுப் பையன்கள், எட்டுப் பெண்கள், மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கும் அதே கூடத்தில் அதே நேரத்தில் இடம். மூத்தவருடன் இளையவர் என்ற முறையில் ஜோடிகள். ஒருவர் நின்றுவிட்டால் மற்றவருக்கு வேறு துணை தேடித் தருவது முகாமின் கடமை. உதவித்தொகை ஆளுக்கு என்று இல்லாமல் ஜோடிக்கு என்று, மூன்று ஆண்டுகளுக்கு.

இரண்டு அரசுகள் சம்பந்தப்பட்டது, நடக்காது என்பார்கள். காரைக்கால் காவிரியின் கடைமடை. காவிரியில் எங்கள் பங்கு 7 டிஎம்சி என்று நடுவர் மன்றம் 2007-இல் வகுத்தது. 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதை மாற்றவில்லை. அந்த நீர் வந்து சேர்வது போதாமலிருக்கலாம், தாமதமாகலாம், அதற்காக ஆண்டுதோறும் குரல் எழுப்ப வேண்டியிருக்கலாம். இருந்தாலும் தமிழகத்தின் ஆறுகள் வழியே எல்லை கடந்து நீர் வருவதற்கு ஓர் ஏற்பாடு இருக்கிறது. பதினாறு பிள்ளைகள் எல்லை கடந்து ஒரு கூடத்துக்கு வர, இரண்டு மாநில இறகுப்பந்துச் சங்கங்களும் ஒரு தாளில் கையெழுத்திட்டால் போதும்.

நேரமும் சாதகமாக இருக்கிறது. 2025 அக்டோபரில் குவாஹாட்டியில் நடந்த உலக இளையோர் கலப்பு அணிப் போட்டியில் இந்தியா முதல் முறையாகப் பதக்கம், வெண்கலம், வென்றது. அரையிறுதியில் நம்மை வென்றது இந்தோனேசியா. அந்தப் போட்டியில் தனித்து ஆடும் திறமை மட்டும் போதாது. ஜோடிகளும் புள்ளி சேர்க்க வேண்டும். அந்த இளையோருக்குக் கீழே இப்போது பன்னிரண்டு வயதில் இருப்பவர்கள் யார் என்று யாராவது தேடத் தொடங்கினால், 2032 பிரிஸ்பேன் ஒலிம்பிக்குக்குள் பத்தொன்பது வயது ஆகிவிடும். லிலியானா முதல் உலகப் பட்டம் வென்ற வயது அது.

செலவு? நல்ல தரமான இறகுப்பந்து ஒரு டஜன் இன்று இரண்டாயிரம் ரூபாயைத் தாண்டுகிறது. முகாமின் பெரிய செலவு அதுதான். இரண்டு பயிற்சியாளர்கள், அவர்களில் ஒருவர் பெண். கூடத்தின் வாடகை. ஒரு கோடி ரூபாய்ப் பரிசை வங்கியில் போட்டால் ஆண்டுக்குக் கிடைக்கும் ஆறேழு லட்சம் வட்டியில் இதில் பெரும்பகுதி அடங்கிவிடும். அடங்காத ஒன்று உண்டு; அதைத்தான் முதலில் எழுதி வாங்க வேண்டும் என்பது என் கருத்து. முகாம் முடியும் இரவு எட்டு மணிக்கு, தெற்கே நாகூர் வரைக்கும் வடக்கே தரங்கம்பாடி வரைக்கும் பிள்ளைகளை வீட்டு வாசலில் இறக்கிவிட ஒரு வேன்.